கொரோனா கால மாணவர்களின் மனநலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூடவே மாணவர் ஆலோசனைப் பிரிவையும் பார்த்துக்கொள்கிறேன். 2020இல் ஆரம்பித்த சந்தேகங்கள் கொரோனா போன பிறகும் நிற்கவில்லை. அப்போது படித்தவர்களில் பலர் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் மேற்படிப்பில் இருக்கிறார்கள். ஆனாலும் போன் செய்து அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலதானே இருந்தோம். சாப்பாடு வந்துச்சு, வேலையும் இல்ல. அப்புறம் ஏன் மனசு கெட்டுப்போச்சு?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். 31ஆம் தேதி வரைதான் என்றார்கள். விடுதியிலிருந்து நாலு துணியோடு ஊருக்குப் போனவர்கள் பாடப் புத்தகத்தைக்கூட எடுத்துப் போகவில்லை. இளநிலை இறுதியாண்டுக்கு டிசம்பர் 7இல் திறந்தார்கள், மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8இல். மார்ச்சில் மறுபடி மூடினார்கள். செப்டம்பர் 1இல் திறந்து, 2022 ஜனவரியில் ஒமைக்ரானுக்காக இன்னொரு முறை மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். 2019இல் சேர்ந்தவருக்கு மூன்று வருடப் படிப்பில் ஏறக்குறைய பாதி இப்படியே போனது.

போனது பாடம் மட்டுமில்லை. எட்டு மணி பஸ், இன்டர்வலில் டீ, கடைசி பெஞ்ச் அரட்டை, லைப்ரரி வாசலில் காத்திருப்பது என்று ஒரு நாளைத் தாங்கிப் பிடித்த எல்லாமே ஒரே வாரத்தில் போயின. பதினெட்டு, இருபது வயதில் வீட்டுக்கு வெளியே ஒரு ஆளாக உருவாகிக்கொண்டிருந்தவர் திரும்பவும் வீட்டுப் பிள்ளையானார். அதற்கு மேல், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், மாணவர்களை அதிகம் உலுக்கியது கிருமியைவிட இந்தத் தேதியில்லாத காத்திருப்புதான். கீழே பல பதில்களில் இது திரும்ப வரும்.

எனக்கு மட்டும்தான் இப்படியா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஜாலியா டல்கோனா காபி போட்டு ஸ்டேட்டஸ் வெச்சிட்டிருந்தாங்க.

இல்லை. கொரோனாவின் முதல் வருடத்தில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. அதற்குச் சில மாதங்கள் முன்பு லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, 2020இல் மட்டும் கூடுதலாக 5.3 கோடிப் பேருக்கு மனச்சோர்வு நோயும் 7.6 கோடிப் பேருக்குப் பதற்ற நோயும் வந்திருந்தன. காபி ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் சிலர் என்னிடமும் பேசியவர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இது சும்மா சோர்வா, இல்ல டிப்ரஷனா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை நாள் என்பதை. இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டமே இல்லையா? இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பில் தெம்பு ஆகியவை கெட்டு, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் விடாமல் வந்தால், அதைச் சோர்வு என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, அன்றாடம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். துக்கமாக இருந்தாலும் குளித்து, சாப்பிட்டு, ஒரு அசைன்மென்ட்டை முடிக்க முடிகிறது என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பல் தேய்ப்பதே மலையாகத் தெரிந்தால் பொறுக்க வேண்டாம். நம் பிள்ளைகள் நிறையப் பேர் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. தலைவலி, வயிற்றுக் கோளாறு, உடம்பு வலி என்றுதான் வருகிறார்கள். மாத்திரைக்கு மாத்திரை மாற்றியும் தீராத தலைவலிக்குப் பின்னால் இது இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பத்துக் கேள்வித் தேர்வுகள் டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும். அதில் வந்த மதிப்பெண்ணை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடியக்காலை மூணு மணிக்குத் தூங்கி மத்தியானம் எழுந்திருப்பேன். லாக்டவுன்ல வந்த பழக்கம், இன்னும் போகல. என்ன பண்ணட்டும்?

அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரே அறை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் தனிமை கிடைக்கும். நெட் வேகமாக வருவதும் அப்போதுதான். இரவு என்பது மாணவர்களுக்குக் கிடைத்த ஒரே சொந்த அறை. அந்தக் காரணங்கள் போய்விட்டாலும் உடம்பு அந்தக் கணக்கிலேயே ஓடுகிறது.

சீக்கிரம் படுப்பதற்கு முயற்சி செய்யாதீர்கள். தூக்கம் வராமல் புரண்டு எரிச்சல்தான் மிஞ்சும். எழும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஒரே நேரத்துக்கு எழுந்து கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மொட்டை மாடி போதும். காலை வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்தைத் திருத்துகிறது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து படிப்பதையும் விடுங்கள். முதல் சில நாட்கள் பகலில் கண் சொருகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால், முந்தைய பதிலில் சொன்ன அறிகுறிகள் கூட இருக்கின்றனவா என்று பாருங்கள். தூக்கம் கெடுவது பல நேரம் வேறொன்றின் வால்.

நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டும். கொரோனான்னு பயந்து ஆக்சிமீட்டர் வெச்சுப் பார்த்தா 98 காட்டும். அப்போ அது என்ன?

98 என்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருக்கிறது. அப்படியானால் பெரும்பாலும் திடீர்ப் பதற்றத் தாக்குதல், பானிக் அட்டாக். 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. டிவியைப் போட்டால் ஆக்சிஜன் படுக்கை, வாட்ஸ்அப்பைத் திறந்தால் கண்ணீர் அஞ்சலி. நோயின் அறிகுறியும் மூச்சுத் திணறல், பயத்தின் அறிகுறியும் மூச்சுத் திணறல். யார்தான் குழம்ப மாட்டார்கள்?

இது மளமளவென்று ஏறி, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் செத்துவிடுவோம் என்றே தோன்றும். மூச்சை வேகமாக இழுக்க இழுக்கத் தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் கூடும். அதனால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டமாகச் செய்யுங்கள். மணிக்கொருமுறை ஆக்சிமீட்டர் வைப்பது அந்த நிமிடத்துக்கு ஆறுதல் தரும், ஆனால் பயத்துக்குத் தீனி போடும். ஒன்று முக்கியம்: முதல் முறை வரும்போது நாமே 'பானிக்' என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு டாக்டரிடம் காட்டி இசிஜி, தைராய்டு, ரத்த சோகை என்று அவர் சொல்வதைப் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைன் கிளாஸ்ல உட்கார்ந்தா ஒண்ணுமே மண்டையில ஏறல. மூளை மந்தமாயிடுச்சான்னு பயமா இருக்கு.

எப்படிப்பட்ட வகுப்பு அது என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன், அதற்கு அக்கா, தம்பி இருவரும் போட்டி. சிக்னலுக்காக மொட்டை மாடி, இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே வரப்பு. மியூட் போட்ட நாற்பது பேரிடம் ஆசிரியர் 'கேட்குதா, கேட்குதா' என்று கேட்டுக்கொண்டிருப்பார். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா என்று அரசு 9.69 லட்சம் மாணவர்களுக்கு அறிவித்தது நல்ல விஷயம். ஆனால் அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. டேட்டா இருந்தாலும் டவர் வேண்டுமே.

கேமராவை ஆஃப் செய்தவர்களை ஆசிரியர்கள் திட்டினார்கள். பின்னால் தெரியும் சுவரைக் காட்டக் கூச்சம், பக்கத்தில் அப்பா போடும் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம் என்று ஆயிரம் காரணம் இருந்தது. இத்தனையையும் சமாளித்துக்கொண்டு பாடத்தையும் கேட்பது இரண்டு வேலை. ஏறாததில் ஆச்சரியமில்லை.

ஒரு விலக்கு உண்டு. கொரோனா வந்து மூன்று மாதம் ஆன பிறகும் அசதி, மறதி, யோசனை மங்கலாக இருப்பது எல்லாம் தொடர்ந்தால் அது நெடுங்கொரோனாவாக இருக்கலாம். அது உடம்பு விஷயம், பொது மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'முயற்சி செய்தால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பொண்ணுங்களுக்கு அது வேற மாதிரி இருந்துச்சு. அதை யாருமே பேச மாட்டேங்கிறாங்க.

உண்மை. ஆன்லைன் வகுப்பு ஓடும்போதே குக்கர் விசில் எண்ண வேண்டியிருந்தது. அண்ணன் லேப்டாப்பில் உட்கார்ந்தால் 'படிக்கிறான்', தங்கை போனோடு உட்கார்ந்தால் 'யார்கிட்ட பேசுற?' கல்லூரி என்பது பல பெண்களுக்குப் படிப்போடு சேர்த்து, தினம் ஆறு மணி நேரம் யாரும் கண்காணிக்காமல் மூச்சு விடும் இடம். அதுவும் போனது. அம்பது பேரை மட்டும் வைத்துக் கல்யாணத்தை முடித்தால் செலவு மிச்சம் என்று படிப்பின் நடுவிலேயே மணமேடை ஏறியவர்களும் உண்டு.

அவர்களுக்கு வந்த கோபத்தை நோய் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அடியோ தொந்தரவோ இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். திருமணமாகிப் படிப்பை விட்டவர்கள் தொலைநிலைக் கல்வியில் முடிக்க வழி உண்டா என்று பழைய துறையில் கேளுங்கள். கேட்கத் தயங்கியே பலர் விட்டுவிடுகிறார்கள்.

'கொரோனா பேட்ச்', 'ஆல் பாஸ் கோஷ்டி'ன்னு இன்டர்வியூல கூடச் சிரிக்கிறாங்க. என் டிகிரிக்கு மதிப்பே இல்லையா?

என்ன நடந்தது என்பதை முதலில் நேராக்கிக்கொள்வோம். கேலி செய்பவர்களுக்கு அது தெரியாது. 2020 ஆகஸ்ட் 26இல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுவார்கள் என்றார். இறுதியாண்டு இறுதிப் பருவத் தேர்வுக்கு அது பொருந்தாது. இரண்டே நாளில், ஆகஸ்ட் 28இல், இறுதியாண்டுத் தேர்வை நடத்தாமல் பட்டம் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரியர் அறிவிப்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆக, 2020இல் வெளியே வந்தவர்கள் கடைசித் தேர்வை எழுதித்தான் வந்தார்கள்.

அடுத்த கூத்து 2021இல். பிப்ரவரி, மார்ச்சில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஆன்லைன் தேர்வில் செயற்கை நுண்ணறிவு கண்காணித்தது. தலை திரும்பினால் பதிவு, பின்னால் யாராவது நடந்தால் பதிவு. ஒரே அறை வீட்டில் யாரும் நடக்காமல் எப்படி இருப்பது? பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோற்றார்கள் அல்லது முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசு மறுதேர்வு அறிவித்தது. பாஸா, ஃபெயிலா, மறுபடி எழுதணுமா என்று மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த பிள்ளைகளைத்தான் 'ஈஸியா பாஸ் ஆனவங்க' என்கிறோம்.

சரி, பாடத்தில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. செய்முறை வகுப்பே பார்க்காமல் வேதியியல் முடித்தவருக்கு டைட்ரேஷன் கை வராது. ஆனால் அது நிரப்பக்கூடிய ஓட்டை, ஆளின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. இன்டர்வியூவில் கேட்டால் இரண்டு வரி போதும்: எது விடுபட்டது, அதன் பிறகு என்ன கற்றுக்கொண்டீர்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள்.

2021 நவம்பர்ல நேரடி எக்ஸாம் வேண்டாம்னு போராடினோம். சோம்பேறிங்கன்னு திட்டினாங்க. நாங்க செஞ்சது தப்பா?

கோரிக்கையின் ஒரு பாதி நியாயம். பாடத்தை போனில் நடத்திவிட்டு, திறந்த சில வாரத்தில் மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுதச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். விரல்களுக்கே பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவகாசம் கேட்டது சரி.

'நேரடித் தேர்வே வேண்டாம்' என்ற இன்னொரு பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. பயப்படுவதைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும், அடுத்த முறை பயம் இரட்டிப்பாக நிற்கும். சோம்பேறி என்று திட்டிய பெரியவர்கள் இரண்டு பாதியையும் பார்க்கவில்லை.

கேம்பஸ்ல கிடைச்ச வேலை ஆஃபர் லெட்டரோட நின்னுபோச்சு. அப்பாவுக்கும் வேலை போச்சு. இதுக்குப் போய் கவுன்சலிங் எதுக்கு சார்?

நியாயமான கேள்வி. பணக் கஷ்டத்துக்குப் பணம்தான் மருந்து. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அது ஏமாற்று வேலை. டெலிவரி வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போய்க்கொண்டே ஒரு காதில் இயர்போனில் வகுப்பு கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் கஷ்டம் 'என் திறமை போதவில்லை' என்று உள்ளே திரும்பும்போது பேச வேண்டியிருக்கிறது. 2020இல் வேலை கிடைக்காதது சந்தையின் நிலவரம். கல்விக் கடன் நெருக்கினால் வங்கிக்குப் போகாமல் ஒளியாதீர்கள். தவணையை நீட்டிக்கவோ மாற்றியமைக்கவோ எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா கொரோனால போயிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கல. எனக்கு இன்னும் அழுகையே வரல. நான் கல்நெஞ்சமா?

இல்லை. நம் ஊரில் ஒரு சாவைத் தாங்குவதற்கு நிறைய ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஊரே வந்து உட்காரும். கட்டிப்பிடித்து அழுவார்கள். தோள் கொடுத்துத் தூக்குவார்கள். பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு முழுவதும் இல்லாமல் போனது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி வந்தது யார் என்றே தெரியாமல் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். வீட்டுக் கதவில் தகரம் அடித்திருந்ததால் சொந்தக்காரர்களும் வரவில்லை. அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. எந்த நேரத்தில் அழுவது?

தள்ளிப்போன துக்கம் வேறு வாசலில் வரும். காரணமில்லாத எரிச்சல், ஆஸ்பத்திரி வாசனை பட்டால் குமட்டல், அப்பாவின் நம்பரை அழிக்க முடியாமை என்று வரும். செய்யாமல் விட்டதை இப்போதும் செய்யலாம். திதியோ, பாத்திஹாவோ, நினைவுத் திருப்பலியோ, எதுவும் நம்பாதவர் என்றால் அவருடைய நண்பர்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடோ. வருடம் கடந்துவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் அந்த நாளிலேயே வாழ்க்கை நின்றுவிட்டது என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. யாரைப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

வீட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழே தம்பி, தங்கை இருந்தவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. விண்ணப்பித்தோமா என்றே தெரியவில்லை என்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நான்தான் வெளிய போயிட்டு வந்து பாட்டிக்கு ஒட்டவெச்சேன். இதை எப்படி மறக்கிறது?

யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியே இல்லை. அறிகுறி இல்லாமலே பரவிய நோய் அது. பால்காரர், காய்கறி வண்டி, தடுப்பூசி வரிசை, எதிலிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் மூலமே வந்தது என்றாலும், மருந்து வாங்கப் போனவர் தெரிந்து யாரையும் கொல்லவில்லை. இதை நானோ நீங்களோ ஒரு தடவை சொன்னால் மனசு கேட்காது. குற்ற உணர்வு தனியாக இருந்தால்தான் வளரும். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரும் அதையே தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது சில நேரம் அப்போதுதான் தெரியவரும்.

கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட். யாரைப் பார்க்கணும்? எவ்வளவு ஆகும்?

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர், மாத்திரை எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழிச் சிகிச்சையும் பரிசோதனையும் செய்வார். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள், என்ன படித்தவர் என்று தயங்காமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டால் போதும், மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்தே அந்த வாசலுக்குள் போக விடாமல் பண்ணிவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் உங்களைப் போலவே தூக்கம் வராதவர்களும் பரீட்சைப் பயத்தில் இருப்பவர்களும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாத்திரை போட ஆரம்பிச்சா பழகிடும்ங்கிறாங்களே?

இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை போதையாகப் பழகுபவை இல்லை. அவை வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். பாதியில் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் படபடப்போ, உயிரை விடும் எண்ணமோ கூடினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை வேறு வகை. அவை பழகக்கூடியவை. குறைந்த நாளுக்குத்தான் எழுதுவார்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள்.

காலேஜுக்குத் தெரிஞ்சுடுமா? நாளைக்கு வேலை, கல்யாணம்னு வரும்போது பிரச்சினை ஆகாதா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவர் உங்கள் துறைத் தலைவருக்கு போன் செய்து சொல்ல முடியாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலையில் தேவையான அளவு மட்டும் சொல்லலாம். கல்லூரிக்குள் இருக்கும் ஆலோசகரிடம் பேசும் முன் 'இது யாருக்குப் போகும்?' என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வெளியே பாருங்கள். நானும் ஒரு கல்லூரிக்காரன்தான், ஆனாலும் சொல்கிறேன்.

கல்யாணத்தைப் பற்றிச் சட்டத்தால் எதுவும் செய்ய முடியாது. மறைத்துக் கட்டிக்கொண்டு மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது பெரிய பாரம் என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

என் பையன் 2020ல இருந்து ரூமை விட்டே வரமாட்டேங்கிறான். போனைப் பிடுங்கிட்டா சரியாயிடும்ல சார்?

அம்மா, அப்பா இருவரும் இதைக் கேட்கிறார்கள். பிடுங்காதீர்கள். கல்லூரி மூடியிருந்தபோது அவனுக்கு வகுப்பு, நண்பன், சினிமா, மைதானம் எல்லாம் அந்த ஒரு சாமானுக்குள்தான் இருந்தன. போன் காரணமாக இருக்கலாம், அவன் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கம்பாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் இழுத்தால் ஆபத்து.

ஒரு வேளைச் சாப்பாட்டையாவது சேர்ந்து சாப்பிடுங்கள், அப்போது மார்க்கைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றியும் பேச வேண்டாம். கடைக்குப் போக, கேஸ் புக் செய்ய என்று அவன் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைக் கொடுங்கள். குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை, தனியாகப் பேசுகிறான், யாரோ கவனிக்கிறார்கள் என்கிறான் என்றால் இதெல்லாம் போதாது. உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போகலாம்.

காலேஜ் திறந்தா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். ஆனா கூட்டத்தைப் பார்த்தாலே ஓடிடலாம்னு தோணுது.

2020இல் சேர்ந்தவர்கள் நிலைமையை யோசியுங்கள். முதலாண்டில் சில வாரம் போக, இரண்டாமாண்டு மாணவராகத்தான் உள்ளே வந்தார்கள், கேன்டீன் எங்கே என்று தெரியாது. ஜூனியர் வந்து வழி கேட்டால் முழித்தார்கள். கூட்டம் என்றால் நோய் என்று ஒன்றரை வருடம் சொல்லிவிட்டு, ஒரே நாளில் அறுபது பேர் வகுப்பில் உட்காரச் சொன்னோம். சென்னை ஐஐடியில் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை.

போராட்டக் கேள்விக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: தவிர்த்தால் வளரும். முதல் வாரம் ஒரு நண்பரோடு கேன்டீனில் பத்து நிமிடம், பிறகு தனியாக, பிறகு நடுப் பெஞ்ச் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்.

'வாழவே பிடிக்கல'ன்னு ஃப்ரெண்ட் ராத்திரி மெசேஜ் போடுறான். நான் என்ன செய்யணும்?

நேராகக் கேளுங்கள்: 'செத்துடலாம்னு தோணுதா?' கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பலருக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. 'உனக்கென்ன குறை', 'அம்மாவை நினைச்சுப் பாரு' என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் பேசட்டும். எப்படி, எப்போது என்று திட்டம் இருப்பதாகச் சொன்னால் தனியாக விடக் கூடாது. நீங்கள் போக முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் யாரையாவது அனுப்புங்கள், வீட்டுக்கோ வார்டனுக்கோ சொல்லுங்கள். அவசரம் என்றால் 108 அல்லது 112. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416, அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் தற்கொலையில் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335, 2020இல் 12,526, 2021இல் 13,089. ராத்திரி வரும் மெசேஜைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு லாக்டவுன் நல்லாத்தான் இருந்துச்சு. காலேஜ் திறந்தப்பதான் நரகம். நான் தப்பான ஆளா?

இதை மெல்லிய குரலில் கேட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கேலிக்கும் ராகிங்குக்கும் ஆளானவர்கள், சாதி பார்த்துத் தட்டைத் தள்ளி வைக்கும் விடுதியில் இருந்தவர்கள், திக்கிப் பேசுபவர்கள், தினம் நாலு மணி நேரம் பஸ்ஸில் தொங்கியவர்கள். அவர்களுக்கு அந்த மாதங்கள் ஓய்வு. முதல் கேள்வியில் கல்லூரி நாளைப் பற்றி நான் எழுதியது இவர்களுக்குப் பொருந்தாது. கொரோனா இவர்களுடைய மனநிலையைக் கெடுக்கவில்லை. முன்பே கெடுத்துக்கொண்டிருந்தது எது என்று காட்டிக்கொடுத்தது. கவுன்சலிங்குக்கு முன்னால் அந்த விடுதியையும் அந்த வகுப்பையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து இன்னொண்ணு வந்தா காலேஜ் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க.

முதலில் தேதி. 'பிறகு அறிவிக்கப்படும்' என்ற சுற்றறிக்கையை மறந்துவிட வேண்டும். முடிவு தெரியாவிட்டாலும், முடிவு சொல்லப்படும் நாளையாவது சொல்லலாம். அந்த நாளில் சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும் அதையே சொல்லலாம். வீடு பாதுகாப்பாக இல்லாதவர்களுக்காக விடுதியில் சில அறைகளைத் திறந்து வைக்க வேண்டும், காரணம் கேட்காமல். ஒவ்வோர் ஆசிரியரும் இருபது மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்தால் போதும். பாடம் பற்றி இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்க.

நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறை, எந்த நாட்களில் இருப்பார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். 'இயற்பியல் மேடமே பார்த்துக்கறாங்க' என்று பதில் வந்தால், எழுத்தில் ஒரு மனு கொடுங்கள்.